பச்சிளங்குழந்தை உயிர்மீட்பு: பொம்மையை வைத்து ஒத்திகை தொடங்குவது எப்படி

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 90 தாமாகவே அழுது மூச்சுவிடத் தொடங்கிவிடும். மீதிப் பத்திலும் பெரும்பாலானவை ஈரம் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே வழிக்கு வந்துவிடும். பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று ஊத வேண்டியவை சில. நெஞ்சை அழுத்த வேண்டியவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சிக்கலே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு செவிலியர் வாரக்கணக்கில் பிரசவம் பார்த்தும் பையைக் கையில் எடுக்காமலே இருந்துவிடலாம். பிறகு ஒரு நாள் நடு இரவில் துவண்ட குழந்தை ஒன்று கைக்கு வரும். 60 வினாடிக்குள் அதன் நுரையீரலுக்குக் காற்று போயாக வேண்டும். அரிதாக வருகிற, வந்தால் காத்திராத வேலை இது. கையைப் பழக்க ஒத்திகையை விட்டால் வேறு வழி கிடையாது.

பிரசவ அறையிலோ பச்சிளங்குழந்தைப் பிரிவிலோ சிமுலேஷன் (உண்மை நிலைமை போல அமைத்து நடத்தும் ஒத்திகை) பயிற்சியை முதன்முதலாகத் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். உயிர்மீட்பு நெறிமுறையை ஏற்கெனவே படித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். அதைப் பொம்மையின் மேல் நடத்திப் பழக்குவது எப்படி என்பதே இங்கே பேச்சு. உங்கள் மருத்துவமனை நெறிமுறை வேறு எண்ணைச் சொன்னால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் ஒன்று, வேலையில் இன்னொன்று என்று இருக்கவே கூடாது.

ஒரு நாள் முகாமை நம்பிவிட வேண்டாம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010-இல் ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’ என்ற எளிய பயிற்சியைக் கொண்டுவந்தது. பிறந்த முதல் நிமிடத்துக்கு அது வைத்த பெயர் ‘பொன் நிமிடம்’. தான்சானியாவின் ஹேடம் மருத்துவமனையில் ஒரு நாள் வகுப்பாக இதை நடத்தியபோது, பொம்மையின் மேல் எல்லோரும் நன்றாகவே செய்தார்கள். பல மாதம் கழித்துச் சோதித்தாலும் பொம்மைத் தேர்வில் தேறினார்கள். ஆனால் பிரசவ அறையில் உண்மைக் குழந்தையிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம் மாறவில்லை. பின்னர் அதே இடத்தில் சில நிமிடமே எடுக்கும் ஒத்திகையை அடிக்கடி நடத்தினார்கள். அப்போதுதான் நடைமுறையும் மாறியது, இறப்பும் குறைந்தது.

ஆகவே முதல் முடிவை இப்படி எடுங்கள்: வாரம் ஒரு முறை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஐந்து நிமிடம், இருவர் இருவராக. முழுக் குழுவையும் கூட்டி அரை மணி நேரம் நடத்துவது மாதம் ஒரு முறை போதும். ஆண்டுக்கு ஒரு நாள் பெரிய அரங்கில் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. அதைப் பயிற்சி என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

பொம்மையும் சாமான்களும்

கணினியோடு இணைந்து நீலம் பூத்து அழுகிற விலையுயர்ந்த பொம்மை வேண்டும் என்று காத்திருந்து ஆண்டுக்கணக்கில் எதையும் தொடங்காத இடங்கள் உண்டு. தொடக்கத்துக்கு அது தேவையே இல்லை. பொம்மையிடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டுதான். தலை சரியான நிலையில் இருந்து, மாஸ்க்கும் சரியாகப் பொருந்தினால் மட்டும் நெஞ்சு உயர வேண்டும். இல்லாவிட்டால் உயரக் கூடாது. நியோநேட்டலி என்ற பொம்மை இந்த வேலைக்கென்றே வந்தது. உள்ளே தண்ணீர் நிரப்பினால் சுமார் 2 கிலோ கனமும், துவண்ட குழந்தையின் தொய்வும் வந்துவிடும். குழாய் முனையில் உள்ள சிறு உருண்டைகளை அமுக்கித் தொப்புள்கொடித் துடிப்பையும் மூச்சையும் காட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் தொடும்போது பொம்மை என்கிற நினைப்பு கொஞ்சம் விலகும். சிறிய காரியம்தான், பலன் உண்டு.

எந்தக் கோணத்தில் ஊதினாலும் நெஞ்சு உயர்கிற பொம்மை ஆபத்தானது. தப்பான கைப்பழக்கத்துக்கு அது பரிசு கொடுக்கிறது. வாங்கும் முன் தலையை முன்பக்கம் மடக்கி வைத்து ஊதிப் பாருங்கள். நெஞ்சு உயர்ந்தால் வேண்டாம்.

மற்ற சாமான்கள்: பச்சிளங்குழந்தைக்கான அம்பு பை (கையால் அமுக்கிக் காற்று ஊதும் பை), 0 மற்றும் 1 எண் மாஸ்க்குகள், உறிஞ்சு பல்ப், உலர்ந்த துணி மூன்று, தொப்பி, தொப்புள்கொடிக் கிளிப்பும் கத்தரியும், ஸ்டெதஸ்கோப், வினாடி முள் உள்ள கடிகாரம் அல்லது ஸ்டாப்வாட்ச். தோளுக்கடியில் வைக்க 2 செ.மீ. தடிமனில் மடித்த துணி ஒன்றும் வேண்டும். மாஸ்க்கில் நிறைமாதக் குழந்தைக்கு 1, குறைமாதத்துக்கு 0. இரண்டையும் மேசையில் வைத்து, அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுங்கள்.

பையை ஒவ்வொரு முறையும் இப்படிச் சோதியுங்கள். மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி மூடிக்கொண்டு பையை அமுக்குங்கள். கையில் அழுத்தம் தெரிய வேண்டும். இன்னும் பலமாக அமுக்கினால், 30 முதல் 40 செ.மீ. நீர் அழுத்தத்தில் திறக்கும் பாதுகாப்பு வால்வு ‘புஸ்’ என்று காற்றை விட வேண்டும். கையை விட்டதும் பை உடனே உப்ப வேண்டும். மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் அந்தப் பையை ஒதுக்கி வையுங்கள். பிரசவத்துக்கு முன் உண்மைப் பையையும் இதே விதமாகச் சோதிப்பது அனிச்சையாக வர வேண்டும் என்பதால், ஒத்திகையின் முதல் செயலே இதுவாக இருக்கட்டும்.

எங்கே நடத்துவது

வேலை நடக்கும் அறையிலேயே. தனி வகுப்பறையில் எல்லாம் மேசை மேல் தயாராக இருக்கும். பிரசவ அறையிலோ மாஸ்க் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதே தெரியாமல் 40 வினாடி போய்விடும். அந்த 40 வினாடி எங்கே போனது என்று கண்டுபிடிக்கத்தான் அங்கே நடத்துகிறோம். லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட உதவும் கருவி) பல்பு எரியாதது, ஆக்சிஜன் குழாய் முனை பையோடு பொருந்தாதது, கடிகாரம் வார்மருக்குப் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் மேசை) பின்னால் மறைந்திருப்பது எல்லாம் அங்கே நடத்தினால்தான் கண்ணில் படும். ஒரு நோட்டில் குறையையும், அதைச் சரிசெய்யும் பொறுப்பாளர் பெயரையும், கெடு நாளையும் எழுதுங்கள். அடுத்த ஒத்திகை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்கட்டும்.

வேலையிடத்தில் நடத்துவதற்குச் சில கட்டாயங்கள் உண்டு:

• பயிற்சிக்கான ஊசி, மருந்துக்குப்பி, பை அனைத்திலும் கொட்டை எழுத்தில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒட்டுங்கள். தண்ணீர் நிரப்பிய ‘அட்ரினலின்’ (இதயத்தைத் தூண்டும் மருந்து) ஊசி ஒன்று உண்மைத் தட்டில் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

• அறையில் உண்மையான உயிர்மீட்புச் சாமான் ஒரு முழுத் தொகுதி தொடப்படாமல் இருக்க வேண்டும்.

• உண்மை அவசரம் வந்தால் ஒத்திகையை நிறுத்த ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். ‘ஒத்திகை முடிந்தது’ என்று யார் சொன்னாலும் பொம்மையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

• பக்கத்துப் படுக்கையில் இருக்கும் தாய்மாரிடமும் உறவினரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ‘குழந்தை மூச்சுவிடல’ என்ற குரல் திரைக்கு அப்பால் கேட்டால் அவர்கள் பதறிப்போவார்கள்.

ஊதும் கை

முதல் இரண்டு மாதமும் இதை மட்டும் பழக்குங்கள். பச்சிளங்குழந்தையின் இதயம் தளர்வது பெரும்பாலும் மூச்சு இல்லாததால்தான். நுரையீரல் விரிந்து ஆக்சிஜன் போய்ச் சேர்ந்தால் துடிப்பு தானே ஏறும். பெரியவர்களுக்கான உயிர்மீட்பைப் படித்துவிட்டு வருபவர்கள் நெஞ்சை அழுத்தத்தான் அவசரப்படுவார்கள். இங்கே ஊதுவதுதான் மருந்து.

பொம்மையை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஊதுபவர் தலைமாட்டில் நிற்கட்டும். மடித்த துணி தோளுக்கு அடியில் போக வேண்டும், தலைக்கு அடியில் அல்ல. தலை லேசாகப் பின்சாய்ந்து, எதையோ மோப்பம் பிடிப்பது போல மூக்கு மேல்நோக்கி இருக்க வேண்டும். அளவுக்கு மேல் பின்சாய்த்தாலும் மூச்சுக்குழல் அடைபடும், முன்மடங்கினாலும் அடைபடும். மாஸ்க்கை முகவாய் நுனியில் முதலில் வைத்து, பிறகு வாயையும் மூக்கையும் மூடும்படி இறக்குங்கள். கண்ணில் படக் கூடாது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாஸ்க்கின் மேல் அரைவட்டமாக நிற்க, மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும்.

இந்தத் ‘தூக்க’ என்ற சொல்லில்தான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். காற்றுக் கசிகிறது என்று தெரிந்ததும் கை மாஸ்க்கை முகத்தின் மேல் அமுக்கத் தொடங்கும். அமுக்கினால் முகவாய் நெஞ்சுப் பக்கம் சாய்ந்து மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். கசிவு நின்றது போலத் தோன்றும், நெஞ்சு மட்டும் உயராது. முகத்தை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பழக்குங்கள். மூன்று விரல் தாடை எலும்பை விட்டு நழுவித் தொண்டையின் மென்பகுதியை அழுத்துவதும் இதே விளைவைத் தரும்.

அளவு: 3 கிலோ குழந்தை ஒரு மூச்சுக்கு இழுக்கும் காற்று 12 முதல் 18 மி.லி. மட்டுமே. சிறிய அம்பு பையிலேயே 200 மி.லி.க்கு மேல் இருக்கிறது. முழுக்கையால் பிழிந்தால் நுரையீரல் கிழிந்து காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசியக்கூடும். இரண்டு மூன்று விரலால், நெஞ்சு மெல்ல உயர்வது தெரியும் அளவுக்கு. அழுத்தமானி இருந்தால் 20 முதல் 25 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்குங்கள்.

வேகம்: நிமிடத்துக்கு 40 முதல் 60. வாய்விட்டு ‘ஊது – ரெண்டு – மூணு, ஊது – ரெண்டு – மூணு’ என்று எண்ணுவது உதவும். ‘ஊது’ என்னும்போது அமுக்கு, மற்ற இரண்டுக்கும் விடு. பதற்றத்தில் எல்லோருடைய கையும் வேகமெடுக்கும். காற்று வெளியேற நேரமே இருக்காது. பார்வையாளர் 30 வினாடிக்கு எத்தனை முறை என்று எண்ணி எழுதினால் போதும். 20 முதல் 30 என்றால் சரி, 45 என்றால் வேகத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும்.

நெஞ்சு உயராவிட்டால் வரிசையாகச் செய்ய வேண்டியவை: மாஸ்க்கைச் சரிசெய், தலையைச் சரிசெய், ஊதிப் பார். உயரவில்லையா, வாயிலும் மூக்கிலும் சளி இருந்தால் உறிஞ்சு, வாயைத் திறந்து வை, ஊதிப் பார். அப்போதும் இல்லையென்றால் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. கடைசி வழி மூச்சுக்குழலுக்குள் போடும் குழாய் அல்லது தொண்டைக்குள் பொருத்தும் லாரிஞ்சியல் மாஸ்க். மாஸ்க், தலை, சளி, வாய், அழுத்தம், மாற்றுவழி என்று ஆறு சொல்லாகச் சுவரில் ஒட்டுங்கள். உறிஞ்சுவது எப்போதும் வாய் முதலில், மூக்கு பிறகு. மூக்கைத் தொட்டதும் குழந்தை திடீரென மூச்சிழுத்தால் வாயில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும்.

ஒத்திகையில் பழைய பழக்கம் ஒன்று அடிக்கடி தலைகாட்டும். குழந்தை கருப்பைக்குள்ளேயே மலம் கழித்துப் பனிக்குட நீர் பச்சையாக இருந்தால், துவண்ட குழந்தைக்குக் குழாய் போட்டு உறிஞ்சிவிட்டுத்தான் ஊத வேண்டும் என்பது முன்பு விதி. 2015-இல் வந்த வழிகாட்டுதல்கள் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றுவிட்டன. பச்சை நீர்க் கதை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மூத்தவர்களின் கை உறிஞ்சு குழாயைத் தேடிப் போகும்.

கதையை எழுதுவது

ஒரு ஒத்திகைக்கு ஒரே நோக்கம். ‘60 வினாடிக்குள் நெஞ்சு உயரும்படி ஊதுதல்’ என்பது நோக்கம். ‘உயிர்மீட்பை மேம்படுத்துதல்’ என்பது வெறும் ஆசை. அதை வைத்து யார் தேறினார் என்று சொல்ல முடியாது. கதை ஒரு தாளில் அடங்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

பிரசவத்துக்கு முன் குழு நான்கு கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை வாரம், நீர் தெளிவா, வேறு ஆபத்து உண்டா, கொடியை எப்போது வெட்டப் போகிறோம். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்: 39 வாரம், தெளிவு, கடைசிப் பத்து நிமிடமாகக் கருவின் துடிப்பு குறைகிறது, வெட்டுவது நிலைமையைப் பொறுத்து. எடை 3 கிலோ.

0 வினாடி: குழந்தை பிறந்தது. துவண்டிருக்கிறது, அழவில்லை.

0–30 வினாடி: துடைக்கிறார்கள், ஈரத் துணியை மாற்றுகிறார்கள், முதுகைத் தேய்க்கிறார்கள். என்ன செய்தாலும் மூச்சு வராது.

60 வினாடிக்குள்: ஊதத் தொடங்க வேண்டும். தொடங்கும்போது துடிப்பு 70.

ஊதத் தொடங்கி 15 வினாடி: நெஞ்சு உயர்ந்துகொண்டிருந்தால் துடிப்பு 90, ஏறுகிறது. உயராவிட்டால் 70-லேயே நிற்கும்; ஆறு திருத்தங்களும் தொடங்கவில்லை என்றால் 50-க்கு இறக்குங்கள்.

நெஞ்சு உயர்ந்து 30 வினாடி: துடிப்பு 120. இன்னும் அரை நிமிடத்தில் திணறித் திணறி மூச்சு, பிறகு அழுகை.

இந்தத் தாளின் உயிர்நாடி ஒன்றுதான்: துடிப்பு ஏறுவது நெஞ்சு உயர்வதோடு மட்டும் கட்டப்பட்டிருக்க வேண்டும். நேரம் ஓடிவிட்டது, பாவம் கஷ்டப்படுகிறார்கள் என்று இரக்கப்பட்டுத் துடிப்பை ஏற்றிவிடாதீர்கள். கசியும் மாஸ்க்கோடு குழந்தை பிழைத்துவிடும் என்று அந்தக் கை கற்றுக்கொண்டுவிடும்.

துடிப்பைக் காட்டத் தொப்புள்கொடி உருண்டை இல்லாவிட்டால் மேசையில் விரலால் தட்டுங்கள். 6 வினாடியில் 7 தட்டு என்றால் 70, 12 என்றால் 120. அவர்களும் 6 வினாடி எண்ணிப் பத்தால் பெருக்கித்தான் சொல்ல வேண்டும். எண்ணை நீங்கள் வாயால் சொன்னால் எண்ணும் பழக்கம் வராது. பல பேர் துடிப்பை எண்ணும்போது ஊதுவதை நிறுத்திவிடுவார்கள். இதையும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தந்திரங்கள் வேண்டாம். ஆக்சிஜனை ரகசியமாக மூடுவது, மாஸ்க்கை ஒளித்து வைப்பது எல்லாம் நடத்துபவருக்கு வேடிக்கையாக இருக்கும். புதிதாக வந்தவர் அடுத்த முறை வரமாட்டார்.

நடத்துவது

மூன்று பேர் பொறுப்பு ஏற்க வேண்டும்: நடத்துநர், பொம்மையை இயக்குபவர், நேரம் குறிப்பவர். ஆள் இல்லாவிட்டால் முதல் இருவரும் ஒருவராக இருக்கலாம். நேரம் குறிப்பவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். பயிற்சியில் இருப்பவர்கள் தங்கள் உண்மைப் பொறுப்பிலேயே இருக்கட்டும். மருத்துவர் செவிலியராக நடிப்பது பயன் தராது.

தொடங்கும் முன் இரண்டு நிமிடம் பேசுங்கள். இது தேர்வு அல்ல, யாருடைய பணிப்பதிவேட்டிலும் ஏறாது. இங்கே நடந்தது வெளியே பேசப்படாது. பொம்மை பொம்மைதான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் குழந்தையாக நடத்துவோம். பொம்மையால் எதைக் காட்ட முடியும், எதை நாங்கள் வாயால் சொல்வோம். இதைச் சொல்லாமல் தொடங்கினால் பாதி நேரம் ‘இதுக்கு நாடி எங்க பாக்கணும்?’ என்பதிலேயே போய்விடும். குழந்தையை இழந்தவர், அண்மையில் மோசமான பிரசவத்தில் நின்றவர் யாரேனும் இருந்தால் காரணம் கேட்காமல் விலகிக்கொள்ள விடுங்கள்.

ஒத்திகை ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நடத்துநரின் கடினமான வேலை. கண்ணால் பார்க்க முடியாததை மட்டும் சொல்லுங்கள்: ‘நிறம் நீலம்’, ‘தசை துவண்டிருக்கிறது’. ‘நெஞ்சு உயரலையே’ என்று சொல்லிவிட்டால் அவர்கள் பார்க்க வேண்டியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஐந்திலிருந்து ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். பொம்மையைச் ‘சாக’ விடாதீர்கள். அப்படி ஒரு கதை வேண்டும் என்றால் அனுபவம் உள்ள குழுவோடு, முன்கூட்டிச் சொல்லி, பிறகு பேச ஒரு மணி நேரம் ஒதுக்கி நடத்துங்கள்.

நேரம் குறிப்பவர் தாளில் ஐந்து நேரம்: குழந்தை மேசைக்கு வந்தது, உதவிக்கு அழைத்தது, முதல் முறை பையை அமுக்கியது, முதல் முறை நெஞ்சு உயர்ந்தது, துடிப்பை முதலில் சொன்னது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள இடைவெளியை வட்டமிடுங்கள். பல இடங்களில் பையை அமுக்கிய நேரத்தை எழுதிவிட்டு ‘பொன் நிமிடத்துக்குள் முடித்தோம்’ என்று மகிழ்ந்துகொள்கிறார்கள். காற்று உள்ளே போனதா என்பது அந்த எண்ணில் இல்லை.

பிறகு பேசுவது

கற்றல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஐந்து நிமிட ஒத்திகைக்குப் பத்து நிமிடமாவது பேச்சு வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது நடத்தும் குட்டி ஒத்திகையில் அதற்கு நேரம் கிடைக்காது. அங்கே பேச்சு ஒரே கேள்வியோடு முடியட்டும், உடனே ஒரு முறை திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் மனம் ஆறட்டும்: ‘எப்படி இருந்தது?’ ஒவ்வொருவரும் ஒரு வரி. அடுத்து என்ன நடந்தது என்று அவர்களே வரிசையாகச் சொல்லட்டும். ஆளுக்கு ஆள் வேறு கதை சொல்வார்கள், அதுவே ஒரு பாடம். பிறகுதான் ஏன் என்ற ஆராய்ச்சி. ‘ஏன் நெஞ்சைப் பார்க்கவில்லை?’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். கண்டதையும் கவலையையும் சொல்லிவிட்டு அவர் மனத்தில் ஓடியதைக் கேளுங்கள்:

‘சிஸ்டர், 45-ஆவது வினாடியில பையை எடுத்துட்டீங்க. நெஞ்சு முதல்ல உயர்ந்தது 1 நிமிஷம் 20-ல. அந்த இடைவெளிதான் எனக்குக் கவலையா இருந்துச்சு. அப்போ நீங்க எதைப் பாத்துட்டு இருந்தீங்க?’

‘பை அமுங்குறதைத்தான் சார் பாத்தேன். அமுங்குச்சு, காத்து போகுதுன்னு நினைச்சுட்டேன்.’

இந்த ஒரு பதில் போதும். கவனக்குறைவு இல்லை இது. கண் தப்பான இடத்தில் இருந்திருக்கிறது. தீர்வையும் குழுவே சொல்லும்: துணைக்கு நிற்பவர் நெஞ்சின் உயரத்துக்குக் குனிந்து ஒவ்வொரு ஊதலுக்கும் ‘உயருது’, ‘உயரல’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே பொம்மையை எடுத்து அதைச் செய்து பார்த்துவிடுங்கள். பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் கை எதையும் கற்கவில்லை.

நடத்துநர்கள் வழக்கமாக விழும் குழி இரண்டு. ‘எல்லாரும் நல்லா பண்ணீங்க’ என்று இனிப்பாகத் தொடங்கி, 12 குறையை வரிசையாக அடுக்கி வகுப்பெடுப்பது ஒன்று. இரண்டு குறைக்கு மேல் தொடாதீர்கள். மற்றொன்று, மூத்த மருத்துவர் மட்டும் பேசுவது. மாஸ்க் கசிவதைக் கடைசி வரிசைப் பயிற்சி மாணவிதான் முதலில் கவனித்திருப்பாள், வாய் திறந்திருக்கமாட்டாள். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் பிரசவத்தின்போது குழந்தை இறந்த அல்லது நிலையான பாதிப்புக்கு உள்ளான 47 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, மிக அதிகமாகத் தென்பட்ட மூலகாரணம் தகவல்தொடர்புக் கோளாறு; 72 சதவீத நிகழ்வுகளில் அது இருந்தது. ஆகவே இளையவர் பேசத் தோதான வாசகம் ஒன்றைக் குழுவாகத் தேர்ந்தெடுங்கள். ‘டாக்டர், எனக்குக் கவலையா இருக்கு, நெஞ்சு உயரல’ என்பது போல ஒன்று. அதைச் சொன்னால் யார் என்று பார்க்காமல் நின்று கேட்பது என்பதையும் ஒத்திகையிலேயே பழகுங்கள்.

அழுத்தமும் மருந்தும்

ஊதும் கை தேறிய பிறகே இது. நெஞ்சு உயரும்படி 30 வினாடி ஊதியும் துடிப்பு 60-க்குக் கீழ் இருந்தால்தான் அழுத்தம். கூடுமானவரை அதற்கு முன் குழாய் போட்டிருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் நெஞ்செலும்பின் கீழ் மூன்றில் ஒரு பகுதியில், நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி. மூன்று அழுத்தத்துக்கு ஒரு ஊதல், இரண்டு வினாடியில் ஒரு சுற்று: ‘ஒண்ணு – ரெண்டு – மூணு – ஊது’. நிமிடத்துக்கு 90 அழுத்தம், 30 ஊதல். இருவரும் ஒரே குரலில் எண்ணாவிட்டால் ஊதலும் அழுத்தமும் மோதிக்கொள்ளும்.

மருந்தில் தவறு நடப்பது பெரும்பாலும் கணக்கில். ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள அட்ரினலின் குப்பியை அப்படியே கொடுத்தால் பத்து மடங்கு. 1 மி.லி. எடுத்து 9 மி.லி. சலைன் சேர்த்தால் 0.1 மி.கி./மி.லி. ஆகும். அதில் கிலோவுக்கு 0.2 மி.லி. தொப்புள்கொடிச் சிரை வழியே; 3 கிலோவுக்கு 0.6 மி.லி., தொடர்ந்து 3 மி.லி. சலைன். 1 மி.லி. சிரிஞ்சில் எடுங்கள், 10 மி.லி. சிரிஞ்சில் 0.6 என்பது கண்ணுக்கே தெரியாது. கேட்பவர் எண்ணைச் சொல்ல, எடுப்பவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: ‘அட்ரினலின் பூஜ்யம் புள்ளி ஆறு.’ – ‘பூஜ்யம் புள்ளி ஆறு, எடுத்தாச்சு.’

தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவத்துக்கும் இதே முறை பொருந்தும், தாய்ப் பொம்மை வேண்டும் என்பது தவிர. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனையில் அதற்கான பயிற்சியைக் கட்டாயமாக்கிய பிறகு, தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுதோறும் ஊழியர் எல்லோரும் சேர்ந்து பயின்றார்கள் என்பது அங்கே கவனிக்க வேண்டியது.

எதை எண்ணி வைப்பது

ஒரு பதிவேடு: பெயர், தேதி, நெஞ்சு உயர்ந்த நேரம். இரவு ஷிஃப்ட் ஆட்களின் பெயர்கள்தான் காலியாகக் கிடக்கும். அவர்களுக்கு அதிகாலையில் நடத்துங்கள். கடைசி ஒத்திகையிலிருந்து ஒரு மாதம் தாண்டியவர் யார் என்று வாரம் ஒரு முறை பாருங்கள்.

பொம்மை எண்ணோடு நின்றுவிடாமல் உண்மைப் பிரசவங்களிலிருந்தும் இரண்டு மூன்று எண் எடுங்கள்: ஊதல் தேவைப்பட்ட குழந்தைக்கு எத்தனையாவது வினாடியில் தொடங்கினார்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வந்தபோது உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருந்ததா, ஐந்தாவது நிமிட அப்கார் (துடிப்பு, மூச்சு, நிறம் முதலியவற்றைப் பார்த்துப் பத்துக்குத் தரும் மதிப்பெண்) எவ்வளவு. வெப்பம்தான் முதலில் மாறும், ஏனென்றால் துடைத்து ஈரத் துணியை மாற்றும் பழக்கம் எல்லாப் பிரசவத்திலும் பயன்படுகிறது. இறப்பு எண்ணை மாதாமாதம் பார்த்து மகிழவோ துவளவோ வேண்டாம். சிறிய மருத்துவமனையில் அது ஒன்றிரண்டு குழந்தையால் ஏறி இறங்கும்.

சாமானை எடுத்து வைக்கும் முன்

பொம்மையின் தண்ணீரை முழுக்க வடித்து, திறந்து வைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். மாஸ்க்கையும் பையையும் கழற்றிக் கழுவிக் காயவைத்தவர் திரும்ப மாட்டும்போது வால்வு தலைகீழாகப் போய்விடுவது உண்டு. பார்க்கச் சரியாக இருக்கும், காற்று மட்டும் வராது. எனவே பயிற்சிப் பையானாலும், ஒத்திகையில் இரவல் வாங்கிய அறைப் பையானாலும், பெட்டிக்குள் போகும் முன் உள்ளங்கையில் வைத்து ஒரு முறை அமுக்கிப் பார்த்து, பார்த்தவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.